உப்பு டப்பா பரணுக்குப் போன மாதம்

எங்கள் வீட்டில் அடுப்பில் இருப்பதை ருசி பார்க்கும் வழக்கம் கிடையாது. கரண்டியில் மொண்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதெல்லாம் எச்சில் பண்ணுவது. எங்கம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள். உப்பு கைக்குத் தெரிய வேண்டும். கொதி வாசனையில் மூக்குக்குத் தெரிய வேண்டும். நாக்குக்கு அங்கே வேலையே இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் கை ஒரு தடவைகூடத் தப்பினதில்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சாமல்பட்டிப் பக்கம். ஓசூருக்கு வந்தது கம்பெனி வேலைக்காக. நான் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனை மேசையில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கேஜ் என்கிற அளவுக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் பெட்டிக்கு, பொருந்தாவிட்டால் சிவப்புக் கூடைக்கு. என் கையைத் தாண்டி ஒரு கோளாறான பாகமும் வெளியே போனதில்லை என்று அங்கேயும் எனக்கு ஒரு பெருமை. அவர் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினார். ரோட்டில் போகிற கிரேன் அல்ல. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுவது. இரும்பு ஏணியில் ஏறிப்போய் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் ஷிப்ட் முடியும்வரை அவர் மேலே, மற்ற எல்லாரும் கீழே.

அந்தக் கூண்டு அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. முதல் ஆறு வருஷம் கீழே மணல் அச்சு தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் துண்டு கறுப்பாகும். ஆளாளுக்கு அதட்டுவார்கள், இவர் வாயைத் திறக்க மாட்டார். பிறகு பயிற்சிக்குப் பேர் கொடுத்து, பரீட்சை எழுதி, மேலே போனார். அதன்பிறகு அவரை யாரும் அதட்டவில்லை. அவர் கை அசைகிறவரை கீழே நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது யாராவது அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், எங்கப்பா மேல இருக்கறாரு என்பாள். செத்துப்போனவரைச் சொல்கிற மாதிரி சொல்லாதடி என்று நான் திட்டுவேன். அவருக்குச் சிரிப்பு தாங்காது.

வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் கம்பெனியில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி உடம்பைப் பரிசோதிப்பார்கள். அந்தத் தடவை, மாமரமெல்லாம் பூவெடுத்திருந்த சமயம், அவருக்கு ரத்த அழுத்தம் மேலே நூற்று அறுபது, கீழே நூறு என்று வந்தது. கிரேன் ஓட்டுகிறவருக்கு அது ஆகாது. ஒரு நிமிஷம் தலை சுற்றிக் கை நழுவினால், கொக்கியில் தொங்குகிற இரும்பு கீழே நிற்கிறவர் தலையில் இறங்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, அதுவரை கூண்டிலேயே இருக்கட்டும் என்று ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் குறைந்தால் கிரேன். குறையாவிட்டால் கீழே ஏதாவது வேலை தருவார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். திரும்பவும் மணலுக்குப் போகணுமா என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சும்மா இருப்பவளா நான்? ஒரு மாசம் என் பொறுப்பு, நீங்க மாத்திரையை மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன் என்று சொன்னேன். சொன்ன வாய் இது.

கம்பெனி ஆஸ்பத்திரி நர்ஸம்மா கன்னடத்துக்காரர். "உப்பு பேடா. பூரா பேடா" என்று, உப்பு அடியோடு வேண்டாம் என்பதைக் கன்னடத்தில், இவரிடம் கையை ஆட்டிச் சொன்னாராம். கூடவே தமிழில் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்திருந்தார். அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், மிக்சர் எல்லாம் கூடாது. கடைசி வரியில் பதப்படுத்தப்பட்ட உணவுகள் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பதப்படுத்துவது என்றால் மாங்கூழ்தான். கிருஷ்ணகிரி பக்கம் ஃபேக்டரி ஃபேக்டரியாக டின்னில் அடைப்பார்கள். அது நம் வீட்டில் ஏது என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

நான் ஒன்றைச் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். ஊறுகாய் ஜாடி எதிர்வீட்டுக்குப் போனது. அப்பளக் கட்டு போனது. ஊரிலிருந்து வந்த கருவாடு போனது. உப்பு டப்பாவை மூடி, மேலே ஒரு துணியைச் சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தேன். அவருக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக இரண்டு குழம்பு வைக்க எனக்கு நேரமும் இல்லை, மனசும் வரவில்லை. அவருக்கு இல்லாத உப்பு எனக்கும் வேண்டாம். ஒன்பதாவது படிக்கிற மகள் மூஞ்சியைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளின் டப்பாவில் கை வைத்துப் பிழைத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

உப்பில்லாத சோறு எப்படி இருக்கும் என்று தின்றவர்களுக்குத்தான் தெரியும். பருப்பு மண் மாதிரி இருந்தது. ரசம் வெறும் சூடு. எலுமிச்சை பிழிந்து பார்த்தேன், மிளகைத் தூக்கலாகப் போட்டுப் பார்த்தேன்; உப்பு இருந்தால்தான் மற்றதற்கெல்லாம் உயிர். எனக்குக்கூட இரண்டு நாளில் கொஞ்சம் பழகிவிட்டது, பிடிவாதக்காரி இல்லையா? அவருக்குப் பழகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். நாலு வாய் போட்டுக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். டப்பா பாதி சோற்றோடு திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். நாக்கு செத்துப் போச்சும்மே என்று ஒரு நாள் சொன்னார், அவ்வளவுதான், குறை சொல்கிற ஆள் இல்லை.

எனக்கு இப்போது வேறு பயம். அழுத்தத்தால் தலை சுற்றாவிட்டாலும் பசியால் சுற்றிவிடுமே. அந்த உயரத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் என்ன ஆவது?

அவர் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வரும். நான் ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் டப்பா கட்ட முடியும். அன்றைக்குக் காலையில் பிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றேன். முந்தின நாள் சோறு இருந்தது. அரை முட்டைக்கோஸ், இரண்டு கேரட், நாலு குடைமிளகாய். இங்கே குடைமிளகாய்க்குப் பஞ்சமே இல்லை. பசுமைக்குடில்காரர்கள் அளவு கோணல் என்று ஒதுக்குவதைத் தள்ளுவண்டியில் கூறு கட்டி விற்பார்கள். கதவுப் பக்கத்தில் சோயா சாஸ் பாட்டில் இருந்தது. மகள் பிறந்தநாளுக்கு கோபி மஞ்சூரியன் செய்யவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது வாங்கியது, முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. தெருவுக்கு ஒரு கோபி வண்டி நிற்கிற ஊரில் பிள்ளை வேறு எதைக் கேட்கும்?

எனக்கு அந்தக் கறுப்புத் தண்ணியைக் கண்டாலே ஆகாது. மகள் வயிற்றில் இருந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். சாயங்காலமானால் அந்தச் சாஸ் சட்டியில் விழுந்து பொங்குகிற நெடி ஜன்னல் வழியாக ஏறி வரும், நான் வாஷ்பேசினுக்கு ஓடுவேன். ஒன்பது மாதமும் அப்படியே. அதிலிருந்து இன்றுவரை நான் அதை வாயில் வைத்ததில்லை. மகளுக்குச் செய்தபோதும் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டுதான் செய்தேன்.

அன்றைக்கும் அப்படியே கட்டிக்கொண்டேன். இரும்புச் சட்டியைக் காய வைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, காயை நீளநீளமாக அரிந்து பெரிய தீயில் புரட்டினேன். வெங்காயத் தாள் இல்லை. கூடையில் கிடந்த வெங்காயம் முளைவிட்டிருந்தது, அந்த முளையையே அரிந்து போட்டேன். சோற்றைக் கொட்டினேன். ருசி தெரிய வேண்டுமே என்று சாஸை இரண்டு மூன்று கரண்டி தாராளமாக விட்டேன். உப்பு? ஒரு கல்கூட இல்லை. உப்பு பரணில் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் டப்பா கட்டியாயிற்று.

சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. சும்மா காலி அல்ல, மூலையில் ஒட்டியிருக்கிற பருக்கைகூட இல்லாமல், கழுவி வைத்த மாதிரி. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எப்படி இருந்துச்சி என்று கேட்டேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருந்துச்சிம்மே. நாளைக்கும் இதையே கட்டு" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியுமா! தினமும் ஒன்று. சோறு மிஞ்சாத நாளில் ராகி சேமியாவை வேக வைத்து நூடுல்ஸ் என்று பேர் வைத்தேன். வினிகர் இல்லாத நாளில் பிஞ்சு மாங்காயைத் துருவிப் போட்டேன், அது வினிகரைவிட நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊற வைத்துப் பூண்டோடு அரைத்தால் அது சில்லி சாஸ். சோள மாவுக்குப் பதில் அரிசி மாவு. காலிபிளவர் இல்லையா, இருக்கவே இருக்கிறது மீந்துபோன இட்லி, அதைச் சதுரமாக வெட்டிப் பொரித்து மஞ்சூரியன். எல்லாவற்றிலும் கடைசியில் அந்தக் கறுப்புத் தண்ணி. கோபி வண்டி ருசியே வந்துவிட்டது என்று மகள் தட்டை வழித்துத் தின்றாள். நான் மட்டும் அதன் பக்கம் போகாமல் என் உப்பில்லாத ரசத்தையும் சோற்றையும் தின்றேன். அது எனக்கு ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது. இவருக்காக நான் இவ்வளவு செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம், இல்லை என்று சொன்னால் பொய்.

சோதனை மேசையில் என்னோடு வேலை செய்கிற தெலுங்குக்கார அக்கா என்னிடம் செய்முறை கேட்டார். உப்பே போடாமல் பண்ணலாம்க்கா, ஆம்பளைங்க கண்டுபிடிக்கவே முடியாது என்று சொல்லிக் கொடுத்தேன். அதை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து நர்ஸம்மா இடையில் ஒரு தடவை அளந்து பார்த்தார். நூற்று எழுபத்து நாலு. கூடியிருந்தது.

அவர் அதை எழுதின சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நான் சாயங்காலக் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். பாலை இறக்கிவிட்டுக் கேட்டேன், எங்கே தின்றீர்கள் என்று. பஸ் ஸ்டாப் பஜ்ஜிக் கடையா, கேன்டீன் ஊறுகாயா, யார் டப்பாவில் கை விட்டீர்கள்? மாத்திரையை எண்ணிப் பார்த்தேன், அது சரியாகத்தான் குறைந்திருந்தது. அப்படியென்றால் வெளியில் வாயை நீட்டியிருக்க வேண்டும், வேறு என்ன? வீட்டில்தான் ஒரு கல் உப்பு கிடையாதே. மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"ஆமா" என்றார். "ரெண்டு மூணு நாளு பஜ்ஜி தின்னேன்."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே ஆத்திரம். அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது இன்னும் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "ஒங்களுக்கு கிரேன் வேணாம். ஒங்களுக்கு ஒங்க நாக்கு போதும்" என்று சொன்னேன். பெற்ற பெண் முன்னால் சொன்னேன். அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அத்தோடு விட்டேனா? கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். வந்ததும் சட்டையை வாங்கி எண்ணெய் வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்தேன். அவரோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு அண்ணனிடம் போனில் கேட்டேன். எங்கேயும் இறங்குவதில்லைம்மா, பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவார் என்று சொன்னதையும் நான் நம்பவில்லை, கூட்டுக் களவாணி என்று வைத்துக்கொண்டேன். பிறகு நானே ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். மனுஷனுக்கு வயிறு நிறைந்திருந்தால் பஜ்ஜிக் கடை பக்கம் ஏன் போகிறார்? அதனால் காலையில் கட்டுவதோடு, சாயங்காலமும் சைனீஸ். அரிசி மாவு கரைத்துவிட்ட சூப், மேலே முட்டைக்கோஸ், அதிலும் இரண்டு கரண்டி. பழைய பாட்டில் தீர்ந்து புதிதாகப் பெரிய பாட்டில் வாங்கினேன். அவர் எல்லாவற்றையும் காலி பண்ணினார். ராத்திரிக்குச் சேர்த்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். மாத்திரைச் சூடு என்று நினைத்தேன். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் வரி ஆழமாகப் பதிந்திருந்தது. சின்ன சைஸ் சாக்ஸ் வாங்கினதுக்கும் அவரையே திட்டினேன்.

மாதம் முடிந்தது. திரும்ப அளந்தார்கள். ஒரு தடவை அளந்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி அளந்தார்களாம். குறையவில்லை. மாத்திரையை மாற்றி எழுதினார் டாக்டர். கூண்டுச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து கீழே, வார்த்து ஆறின இரும்பில் மணலைத் தட்டிச் சுத்தம் செய்கிற இடத்தில் போட்டார்கள். கம்பெனி மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய முடியும்.

முதல் நாள் வேலை முடித்து வந்து மூக்கைச் சிந்தினார். துண்டு கறுப்பாக இருந்தது. அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று சுருட்டி வாளியில் போட்டார். நான் பார்த்தேன். பார்த்தும், பஜ்ஜி தின்றதற்குப் பலன் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. எவ்வளவு கல் நெஞ்சம் எனக்கு!

மூன்றாம் நாள் எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துப்போனது. லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். காலையில் எழுந்து அவருக்கு மட்டும் எப்படியோ சோற்றைப் புரட்டிக் கட்டிக் கொடுத்திருந்தேன். நாலு மணிக்கு அவர் வந்தார், டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். டப்பா கனமாக இருந்தது. திறந்தால், கட்டிக் கொடுத்தது கட்டிக் கொடுத்தபடி இருந்தது. ஒரு வாய்கூடத் தொடவில்லை. கீழே உட்கார்ந்து மணல் தூசிக்கு நடுவே தின்னப் பிடிக்கவில்லையோ என்னவோ. எனக்கோ காலையிலிருந்து வெறும் கஞ்சித் தண்ணி. பசி. மூக்கு அடைத்திருந்ததால் அந்த நெடியும் தெரியவில்லை. சோற்றை வீணாக்குவானேன் என்று நின்றபடியே ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

கரித்தது.

ஒரு மாதமாக உப்பே படாத நாக்கு. அந்தக் கரிப்பு தொண்டைவரை இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. யார் உப்பு போட்டது? பரணை அண்ணாந்து பார்த்தேன். துணி சுற்றிய டப்பா நான் வைத்த இடத்திலேயே தூசியோடு இருந்தது. இன்னொரு வாய் தின்றேன். கேரட்டைத் தனியாக எடுத்துத் தின்றேன், சோற்றைத் தனியாகத் தின்றேன். எல்லாமே கரித்தது. பிறகு பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, சமையல்கட்டில் நின்றுகொண்டு நக்கிப் பார்த்தேன்.

கடல் தண்ணீர்கூட அப்படிக் கரிக்காது.

பாட்டிலைத் திருப்பினேன். பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. தண்ணீருக்கு அடுத்தது உப்பு. சோயாவே அதற்குப் பிறகுதான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. டிராயிங்கில் இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தாலும் வாசித்துவிடுவேன். இந்த ஒரு வரியை நான் வாசிக்கவில்லை. பருப்பை ஊற வைத்து எடுத்த தண்ணி, நிறத்துக்கும் வாசனைக்கும் விடுவது, அவ்வளவுதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, நான் இரண்டு வேளையும் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். என் கையில் சோறு, மேடைமேல் டப்பா, நான் அழுதுகொண்டு நிற்கிறேன். பார்த்தவர் என்ன நினைத்தாரோ, பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். மகள் அப்போது டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"அழுவாத. இனிமே போட வேணாம், அவ்வளவுதான். ஆனது ஆயிப்போச்சி."

எதை என்றேன்.

"உப்பைத்தான்."

முதல் நாளே தெரிந்துவிட்டதாம் அவருக்கு. கூண்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், மகளுக்குத் தெரியாமல், நான் கொஞ்சமாக உப்பு போட்டுக் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாராம். தான் மட்டும் வெறும் ரசத்தைக் குடித்துக்கொண்டு எனக்காக மறைத்துப் போடுகிறாளே என்று அன்றைக்கு அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்து கண் கலங்கிவிட்டதாம். சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்பதால் சொல்லவில்லை. அப்படியானால் பஜ்ஜி என்றேன். எந்தப் பஜ்ஜியும் இல்லை. ஒரு நாளும் இல்லை. பெண் முன்னால் நீ மாட்டிக்கக் கூடாதுன்னு சொன்னேன் என்றார். நான் அவ்வளவு கத்தினதும்கூட, உப்பு போட்ட பயத்தில் கத்துகிறேன் என்றுதான் அவருக்குத் தோன்றியதாம்.

"இவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சும் ஏன் தின்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ அளவாத்தான் போடுவேன்னு நெனச்சேன். ஒன் கை தப்பாதே" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருக்கிறார். அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அவர் நினைத்த பெண்ணாகவே நான் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அது ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டில் அங்கேயே இருந்தது, நாளைக்கு அவரே வாசிப்பார். எடுத்து அவர் கையில் கொடுத்து, பின்பக்கம் இருந்த வரியை விரலால் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை வாசித்தார்.

"அப்போ நீ போடலியா?" என்றார்.

இல்லை என்றேன். அப்படிப் போட வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. கிரேன் போன அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதைத் தாங்கிக்கொண்டேன். இந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாட்டிலை மேடைமேல் வைத்தார். டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு பையில் கொட்டி முடிச்சுப் போட்டார். பிறகு ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டார். ஏறாதீங்க, தலை சுத்தும் என்று சொன்னேன், கேட்கவில்லை. மேலே ஏறி, துணி சுற்றிய உப்பு டப்பாவை எடுத்து, தூசியைத் தட்டி, அங்கிருந்தே குனிந்து என் கையில் கொடுத்தார்.

"நீயாச்சும் போட்டுத் தின்னும்மே" என்றார். "ஒரு மாசமா இந்த ஊட்ல நீ ஒருத்திதான் உப்பில்லாம தின்னிருக்கற."